விட்ட இடம்

தை 26. ராத்திரி ஒன்பதரை. பீளமேடு.

பக்கத்து அறையில் பிள்ளையார் வணக்கம். உடுக்கை நாலு தட்டு. குரல். பின்பாட்டு.

நேற்றும் இதே இடம். முந்தாநாளும் இதே இடம்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய்ப் பார்த்தேன். அம்மா தூங்கியிருந்தார். தலையணை ஓரம் போன் பாடிக்கொண்டிருந்தது. 4-ஆவது பைல், 19-ஆவது நிமிடம்.

அணைத்துவிட்டு வந்தேன்.

*

தை 27. காலை.

"ஏனுங்மா, ஒரே பாட்டையே தினமும் போடறீங்?"

"அது அங்கியேதான் ஆரம்பிக்குது கண்ணு. முன்னாட்ட உட்ட எடத்துல நிக்கறதில்ல."

"எப்ப இருந்துங்?"

"ஒம்போது நாளிருக்கும்."

"சொல்லியிருக்கலாமுங்களே."

"நாந்தான் எதையோ அமுக்கிப்போட்டனோன்னு இருந்தேன்."

ஒன்பது நாள். பழுதைத் தன் விரல்மேல் போட்டுக்கொண்டு ஒன்பது நாள்.

"தாமரையைத் தவத்துலயே உட்டுட்டு வந்துட்டம்" என்றார். அவருடைய கவலை அது.

*

கேட்பது அண்ணன்மார் சாமி கதை. பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி. அப்பா குன்னுடையாக் கவுண்டர், அம்மா தாமரை. வளநாடு. கொங்கில் பிறந்தவர்களுக்கு அறிமுகம் வேண்டாம்.

உடுக்கையடிப் பாட்டு. எங்கள் பக்கத்துப் பாடகர் ஒருவர் ஏழு ராத்திரி பாடியது. ராத்திரிக்கு ரெண்டு கேசட். மொத்தம் 14 கேசட். எல்லாம் 60 நிமிடக் கேசட்.

14 மணி நேரம்.

இப்போது 7 பைல். பைலுக்கு 2 மணி நேரம். 128 கேபிபிஎஸ். எல்லாம் சேர்த்து 806 எம்பி.

அம்மா ஒரு ராத்திரிக்கு 25 நிமிடம்போலக் கேட்பார். பிறகு தூக்கம். ஒரு சுற்று முடிய 34 ராத்திரி.

தை 1-ஆம் தேதி ஆரம்பிப்பார். மாசியில், அண்ணன்மார் சாயும் படுகளம் வந்துவிடும். மாசியில்தான் வீரப்பூர்த் திருவிழாவிலும் படுகளம். அங்கே போக முடியாமல் போன பிறகு வந்த பழக்கம் இது.

ஒவ்வொரு ராத்திரிப் பதிவும் பிள்ளையார் வணக்கத்தில்தான் ஆரம்பிக்கும். ஆக 7 பைலுக்கும் 7 பிள்ளையார்.

17 ராத்திரி முடிந்திருந்தது. கணக்குப் போட்டால் 4-ஆவது பைலில் 1 மணி 5 நிமிடம்.

18-ஆம் ராத்திரியிலிருந்து பிள்ளையார்.

*

போன் என்னுடைய பழையது. சிம் கிடையாது. பாட்டுக்கு மட்டும்.

தை 18 சாயங்காலம் பேத்தியின் போட்டோவைக் காட்ட அதை வைஃபையில் இணைத்தேன். இணைத்தது நான்.

வைஃபை கிடைத்தால் ஆப்கள் தாமாகவே அப்டேட் ஆகிக்கொள்ளும். போன் வரும்போதே அப்படித்தான் வருகிறது. அதை நிறுத்தி வைக்கலாம். நான் நிறுத்தி வைக்கவில்லை.

போட்டோ பார்த்தது ரெண்டு நிமிடம். அப்டேட் 43 எம்பி.

என்ன மாறியது என்ற குறிப்பைத் தேடிப் படித்தேன். பிழைகள் திருத்தப்பட்டன. வேகம் கூடியது. புதிய தோற்றம். மூன்று வரி.

எடுத்ததைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

முன்பு அமைப்புகளுக்குள் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் டிக் போட்டால் ஒவ்வொரு பைலும் தான் நின்ற இடத்தைத் தனித்தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். நடுவில் வேறு பாட்டுக் கேட்டாலும் மறக்காது. போனை அணைத்துப் போட்டாலும் மறக்காது.

இப்போது கட்டமே இல்லை.

*

ஒரு பைல் நின்ற இடம் என்பது ஓர் எண். மில்லிசெகண்டில் எழுதுவார்கள். 1 மணி 5 நிமிடம் என்றால் 39,00,000.

அந்த எண்ணை வைக்க 4 பைட் போதும்.

7 பைல். 28 பைட்.

'விட்ட இடம்' என்று தமிழில், யூனிகோடில், யூடிஎஃப்-8 முறையில் அடித்துப் பாருங்கள். இடைவெளியையும் சேர்த்து 28 பைட்.

இருமுறை எண்ணிப் பார்த்தேன். சரிதான்.

*

ஆப்பின் பழைய வடிவத்தைத் தேடிப் பிடித்தேன். புதியதன் மேல் பழையதைப் போட ஆண்ட்ராய்டு விடாது. முதலில் புதியதை நீக்க வேண்டும்.

நீக்கினால் ஆப்புக்குள் சேமித்து வைத்ததும் கூடப் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஓர் இடத்தில் அந்த எண்கள் இன்னும் கிடந்தாலும் போய்விடும்.

திரும்பிப் போகும் வழியும் அழிக்கும் வழியும் ஒன்றாக இருக்கிறது.

நீக்கும் பொத்தானில் கட்டைவிரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன்.

*

இன்னொன்று. ஆண்டுக்கு ஆண்டு புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப ஆப்பைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. திருத்தாவிட்டால் புதிய போன் வாங்குகிறவர்களுக்கு ஆப் கடையில் அந்த ஆப் தெரியாமல் போகும்.

ஆக, நன்றாக இருப்பதை அப்படியே விட்டு வைக்க அவர்களாலும் முடியாது.

எழுதியவர் ஒரே ஆளாகக்கூட இருக்கலாம். வேலை முடிந்து ராத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறவராக இருக்கலாம். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஒரு வரி சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான்.

*

அம்மா முன்னுக்கு இழுத்துப் பார்த்தாராம். விரல் வைத்தால் எங்கேயோ போய் நிற்கிறதாம்.

அளந்தேன். திரையில் அந்தக் கோடு 6 சென்டிமீட்டர். பாட்டு 2 மணி நேரம்.

1 மில்லிமீட்டர் 2 நிமிடம்.

அம்மாவின் ஆள்காட்டி விரல் நுனி 10 மில்லிமீட்டர் இருக்கும். விரலை வைத்தால் அதற்கடியில் 20 நிமிடக் கதை.

கேசட்டில் டேப் ஓடும் வேகம் செகண்டுக்கு 4.76 சென்டிமீட்டர். 2 நிமிடம் என்றால் ஐந்தே முக்கால் மீட்டர் டேப்.

ஐந்தே முக்கால் மீட்டர் ஒரு மில்லிமீட்டராகிவிட்டது.

*

கேசட் நின்ற இடத்தில் நிற்கும். எழுதி வைக்க வேண்டாம். டேப் எந்தப் பக்கம் எவ்வளவு சேர்ந்திருக்கிறதோ அதுதான் ஞாபகம்.

இந்த வீட்டு டேப்ரிக்கார்டரில் நிறுத்தி, எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், சோமனூரில் இன்னொரு டேப்ரிக்கார்டரில் போட்டால் அடுத்த சொல்லிலிருந்து பாடும்.

பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் கொண்டுவந்தது. மின்சாரம் இல்லாமல், பத்து வருஷம் அலமாரியில் கிடந்தாலும் அந்த இடம் மாறாது.

இசைத்தட்டுக்கு இது கிடையாது. 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கம் 3 நிமிடத்துக்குச் சற்று மேல். முழுசாகக் கேட்கலாம். விட்ட இடம் என்ற பேச்சே வராது.

சினிமாப் பாட்டும் 4, 5 நிமிடம்தான். புதிய வடிவத்தை எழுதியவர் மனதில் அந்த நீளம்தான் இருந்திருக்கும்.

2 மணி நேரப் பாட்டு ஒன்று உலகத்தில் இருக்கிறது, அதை 25 நிமிடமாகக் கேட்கிற ஒருவர் இருக்கிறார் என்று அவருக்கு யார் சொல்வது?

*

சரவணம்பட்டி பஸ். பின் இருக்கையில் ரெண்டு பையன்கள். கழுத்தில் கம்பெனி அட்டை.

"அத ஒரு பர்சன்ட்கூட யூஸ் பண்றதில்லடா. தூக்கிட்டோம்."

எந்த ஆப், எதைத் தூக்கினார்கள், தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சிம் இல்லாத போன் அந்தக் கணக்கில் வருமா?

நெட்டோடு சேராத ராத்திரிகள் யாருடைய எண்ணிக்கையில் சேரும்?

*

அப்பாவுக்கு எட்டுத் தறி. சோமனூர்ப் பக்கம். கூலி நெசவு.

தறிக்குடோனில் தறி ஓடும்போது பாட்டுக் கேட்காது. பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

2008-இல் மின்வெட்டு ஆரம்பித்தது. கரண்ட் போனால் எட்டுத் தறியும் ஒன்றாக நிற்கும். காதில் ஒரு ரீங்காரம் மிஞ்சும். அது அடங்கியதும் அப்பா டேப்ரிக்கார்டரை எடுத்து வைப்பார். பேட்டரி செட்.

இருட்டில், தறிகளுக்கு நடுவில், அண்ணன்மார் கதை.

கரண்ட் வந்ததும் நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டுத் தறிக்குப் போய்விடுவார். பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும்.

கரண்ட் போன நேரத்தில்தான் அந்த 14 கேசட்டையும் கேட்டார். வேறு நேரம் இல்லை.

2010-இல் போய்ச் சேர்ந்தார்.

*

தறியிலும் விட்ட இடம் உண்டு.

ஊடை, அதாவது குறுக்கு இழை, அறுந்தால் தறி தானாக நிற்கும். ஊடை இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்க்கச் சின்ன முள் ஒன்று வைத்திருப்பார்கள்.

நின்றதும் அப்படியே ஓட்டிவிடக் கூடாது. ஓட்டினால் துணியில் குறுக்கே கோடு விழும். சக்கரத்தைக் கையால் பின்னுக்குச் சுற்றி, அறுந்த இழை எது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து ஓட்ட வேண்டும்.

அப்பா இருட்டிலும் விரலால் தடவிக் கண்டுபிடிப்பார்.

துணி வாங்குகிறவர் அந்தக் கோட்டைப் பார்த்தால் கூலியில் பிடிப்பார்.

*

2014. கேசட் எல்லாவற்றையும் எம்பி3 ஆக மாற்றக் கொடுத்தேன். காந்திபுரத்தில் ஒரு கடை.

கடைக்காரர் நல்ல மனிதர். பொறுமையாகச் செய்தார். ரெண்டு கேசட்டில் பூஞ்சை. பஞ்சால் துடைத்து ஓட்டினார். ஒரு கேசட்டில் டேப் சிக்கிக்கொண்டது. பென்சிலை விட்டுச் சுற்றி எடுத்தார்.

முடிந்ததும் 14 கேசட்டையும் ஆரம்பத்துக்குச் சுற்றி, டப்பாவில் போட்டு, வரிசை எண் ஒட்டிக் கொடுத்தார்.

கொடுக்கும்போது 9-ஆவது கேசட், பி பக்கம், பாதியில் நின்றிருந்தது. டேப் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாக. கண்ணாடி வழியாகப் பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எந்தச் சொல்லில் என்று பார்க்கவில்லை.

*

எம்பி3 பைலின் கடைசியில் பெயர் எழுத ஓர் இடம் உண்டு. 1996-இல் வந்த ஏற்பாடு. மொத்தம் 128 பைட். பாட்டின் பெயருக்கு 30.

'அண்ணன்மார்' என்று எழுதினால் சரியாக 30 பைட். 'சாமி கதை' என்பதற்கு இடம் இல்லை.

கடைக்காரர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். வந்தது.

*

ராத்திரி. அம்மா தன் பிறந்த ஊர்க் கதை சொன்னார். பல்லடத்துக்குக் கிழக்கே. கோயில் முன்னால் பந்தல். மண்தரையில் சாக்கு. ஊரே உட்கார்ந்திருக்கும்.

பாடகர் வந்ததும் உடுக்கையை எடுக்க மாட்டாராம். வெற்றிலையைப் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கேட்பாராம்:

"நேத்து எங்கீங்க உட்டம்?"

அவருக்குத் தெரியாதா? தெரியும். கேட்பார்.

யாராவது பெரியவர் சொல்வார். ஒருநாள் ரெண்டு பேர் வெவ்வேறு இடத்தைச் சொல்லிவிட்டார்கள். சண்டைபோல ஆகிவிட்டது. பாடகர் சிரித்துக்கொண்டே ரெண்டில் முந்தின இடத்திலிருந்து பாடினாராம். கொஞ்சம் கேட்டதையே மறுபடி கேட்டோம், நன்றாகத்தான் இருந்தது என்கிறார் அம்மா.

பாதியில் தூங்கிப்போகிற பிள்ளைகளைத் தோளில் போட்டுத் தூக்கிப் போவார்கள். காலையில் அந்தப் பிள்ளைகள் கேட்கும்: "அம்மிச்சி, நான் தூங்குனதுக்கப்பறம் என்னாச்சு?"

அம்மிச்சி சொல்லிவிடுவார்.

*

1965. கனடாவைச் சேர்ந்த மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக், காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்தபோது இந்தக் கதையைப் பாடவைத்து டேப்பில் பிடித்தார். ராத்திரி ராத்திரியாக.

பின்னால் அது தமிழும் ஆங்கிலமுமாக ரெண்டு தொகுதி நூலாக வந்தது. 1992. சென்னை ஆசியவியல் நிறுவன வெளியீடு. கவிஞர் சக்திக்கனல் பதிப்பித்த அண்ணன்மார் சுவாமி கதை நூலும் உண்டு.

2011-இல் 'பொன்னர் சங்கர்' சினிமா. கலைஞர் எழுதிய நாவலிலிருந்து. இளையராஜா இசை.

பந்தல், டேப், நூல், சினிமா, போன். கதை எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

நூலில் விட்ட இடத்துக்கு ஒரு தென்னங்குச்சி போதும்.

*

உடுக்கையின் இடுப்பில் கயிறு. அதை இறுக்கினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும்.

பதிவில் பாடகர் அங்கங்கே நிறுத்தி உடுக்கையைச் சரிசெய்கிறார். ஒரு தொண்டைச் செருமல். ஒரு சொம்புத் தண்ணீர். யாரோ "ம்" என்கிறார்கள்.

ஒவ்வொரு 30 நிமிடம் முடியும்போதும் கொஞ்சம் வேகம் பிடிக்கிறார். கேசட் பக்கம் முடியப் போகிறது என்று யாரோ கையைக் காட்டியிருக்க வேண்டும்.

இது இந்த வாரம்தான் என் காதில் விழுந்தது.

*

அவினாசி ரோடு. ஜி.டி. நாயுடு அருங்காட்சியகம் தாண்டும்போது எப்போதும் ஞாபகம் வருவது: 1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தவர்.

வால்வு ரேடியோவைப் போட்டதும் பாடாது. சூடேற வேண்டும். ஆனால் முள் நேற்று வைத்த இடத்தில் நிற்கும். வாரக்கணக்கில் வெளியூர் போய் வந்தாலும் அதே நிலையம்.

சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்தது. டி.எம். சௌந்தரராஜன் முதன்முதலில் சினிமாவுக்குப் பாடிய 'கிருஷ்ண விஜயம்' அங்கே எடுத்த படம். 1950.

ஸ்டூடியோ போய்விட்டது. குரல் இருக்கிறது.

*

வெளியே என்ன நடந்திருக்கிறது என்று தேடினேன். அம்மா மட்டும்தானா என்று.

இல்லை.

2024 மே. சோனோஸ் என்ற அமெரிக்க ஸ்பீக்கர் கம்பெனி தன் ஆப்பை அடியோடு மாற்றி வெளியிட்டது. தூங்கப் போகும்போது பாட்டைத் தானாக அணைக்கும் டைமர் காணவில்லை. அலாரத்தை மாற்ற முடியவில்லை. பார்வையற்றவர்கள் காதால் கேட்டுப் பயன்படுத்தும் வசதி சரியாக வேலை செய்யவில்லை.

ஜூலையில் தலைமை அதிகாரி பேட்ரிக் ஸ்பென்ஸ் மன்னிப்புக் கேட்டு எழுதினார். 2025 ஜனவரியில் பதவியை விட்டுப் போனார்.

விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கர் சுவர் ஓரம் அப்படியேதான் இருந்தது. ஒரு திருகுகூடக் கழலவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022-இலிருந்து ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. மென்பொருளை மாற்றி, அதனால் பயன்படுத்துகிறவருக்குச் சிறிய அளவைத் தாண்டிய பாதிப்பு வந்தால், முன்கூட்டியே தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். அவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம்.

தெரிவிக்க வேண்டும். இந்தச் சொல்லைக் கோடிட்டு வைத்தேன்.

இங்கே 2023-இல் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் போன் தயாரிப்பாளர்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. எஃப்எம் ரேடியோ வசதி உள்ள போன்களில் அதை முடக்கி வைக்கக் கூடாது என்று. புயல், வெள்ளம் என்றால் ரேடியோதான் உதவும் என்பது காரணம்.

எஃப்எம்முக்கு ஹெட்போன் வயர்தான் ஏரியல். பல போன்களில் வயர் செருகும் துளையே இப்போது இல்லை.

*

வேறு ஆப் போட்டுக் கொடுத்தேன். நாவல், கதை கேட்கிறவர்களுக்கென்று செய்தது. விட்ட இடத்தை நன்றாக ஞாபகம் வைக்கிறது.

அம்மா ரெண்டு ராத்திரி முயன்றார். விளக்கை அணைத்த பிறகு முடியவில்லை.

அப்போதுதான் தெரிந்தது. அம்மா பொத்தானைப் பார்ப்பதில்லை. இடத்தைத் தொடுகிறார். கீழிருந்து ஒரு விரற்கடை மேலே, நடுவில். அங்கே கட்டைவிரல் தானாகப் போகிறது. புதிய ஆப்பில் அந்த இடத்தில் வேகத்தைக் கூட்டும் பொத்தான். தொட்டால் பாடகர் அவசரமாகப் பாடுகிறார்.

"அவரை எதுக்குக் கண்ணு தொரத்தற?"

எடுத்துவிட்டேன்.

*

ஆப்பிளின் ஆடியோ பைல்களில் ஒரு விவரம். எம்4ஏ என்று முடிந்தால் பாட்டு. எம்4பி என்று முடிந்தால் புத்தகம். உள்ளே இருப்பது ஒன்றே. கடைசி எழுத்து மட்டும் வேறு.

புத்தகம் என்றால் ஐபாட் விட்ட இடத்தை ஞாபகம் வைக்கும். பாட்டென்றால், நாம் தனியாகச் சொல்லி வைத்தால்தான்.

அண்ணன்மார் கதை பாட்டா, புத்தகமா?

*

25 நிமிடத் துண்டுகளாக வெட்டினேன். 34 துண்டு. ராத்திரிக்கு ஒன்று.

காலையில் அம்மா: "பேசிட்டிருக்கறப்பவே அறுத்துப்போட்டியே கண்ணு."

போட்டுப் பார்த்தேன். குன்னுடையார் ஒரு கேள்வி கேட்கிறார். பதில் அடுத்த துண்டில்.

எல்லாத் துண்டையும் அழித்தேன். 7 பைல் பழையபடி.

*

ஞாயிறு. மத்தியானம். அரிசிம்பருப்பு சோறு. சாப்பிட்டு முடித்ததும் ரெண்டு பேரும் உட்கார்ந்து தாமரையைத் தேடினோம்.

4-ஆவது பைல். நான் கோட்டில் விரலை வைக்கிறேன். ரெண்டு வரி கேட்டதும் அம்மா சொல்லிவிடுகிறார்.

"இன்னும் வல்ல. முன்னால போ."

"தாண்டிட்ட. பின்னால வா."

"இதுக்கு முந்தியே அழுவா. அங்க."

ஏழாவது தடவை கிடைத்தது. அம்மா கையை உயர்த்தினார். நிறுத்தினேன்.

1 மணி 9 நிமிடம்.

என் கணக்கு 4 நிமிடம் தவறு.

"படுகளம் மாசிக்குள்ள வந்துருமா?"

எண்ணிப் பார்த்தேன். மீதி 17 ராத்திரி. வந்துவிடும் என்றேன்.

*

இப்போது நடப்பது இது.

ராத்திரி ஒன்பதரைக்கு நான் அம்மாவின் அறையில் உட்கார்கிறேன். அம்மா கேட்கிறார்:

"நேத்து எங்க உட்டம் கண்ணு?"

சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமானால் முந்தின ராத்திரி நானும் கேட்டிருக்க வேண்டும். அம்மா தூங்கிய கணம் எது என்றும் பார்த்திருக்க வேண்டும்.

மூச்சு மாறும். கை தலையணையிலிருந்து நழுவும். அதற்கு நாலு வரிக்கு முன்னால்தான் அவர் கேட்டது. அங்கேதான் நிறுத்த வேண்டும். ஆப் இதைச் செய்ததில்லை. தூங்கிய பிறகும் ஓடிக்கொண்டிருந்து, தானாக நின்ற இடத்தைத்தான் குறித்து வைத்தது. அம்மா மறுநாள் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்வாராம்.

தினசரி நாள்காட்டித் தாளில் எழுதுகிறேன். மறுநாள் அம்மா அதைக் கிழித்துக் கம்பியில் குத்தி வைக்கிறார். பழைய கரண்ட் பில்லோடு.

இதனால் அந்தக் கட்டம் தேவையில்லை என்று ஆகிவிடாது. நான் வெளியூர் போகும் ராத்திரி அம்மாவுக்கு அது வேண்டும். பக்கத்தில் உட்கார ஆள் இல்லாத வீடுகளில் தினமும் வேண்டும்.

*

ஆப் எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: எடுப்பதற்கு முன் ஒரு வரி எழுதுங்கள். அந்த எண்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ள ஒருநாள் தாருங்கள். அந்த 28 பைட் உங்களுடையது இல்லை.

வீட்டில் பழைய கேசட் வைத்திருப்பவர்களுக்கு: சுற்றக் கொடுக்கும் முன் ஒருமுறை போட்டு, எந்தச் சொல்லில் நிற்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

*

மாசி 11. தாளில்:

கொம்பன் பன்றி வெள்ளாமைக்குள் இறங்குகிறது. 6-ஆவது பைல், 48 நிமிடம். அம்மா தூங்கிவிட்டார்.